பேச்சி விழித்துக்கொண்ட வருஷம்

1

இந்த ஊர் மழைக்கு இடி கிடையாது. நாள் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும், வானம் மட்டும் வாயைத் திறக்காது. இங்கிலாந்துக்கு வந்த புதிதில் எனக்கு அது பெரிய ஆறுதல். என் மகள் செல்வி கேலி பண்ணுவாள். "இந்த நசநச மழையை எல்லாரும் திட்டுதாவ. நீ என்னம்மா சினிமா பாக்கது மாதிரி ஜன்னல்ல உக்காந்திருக்கே?" என்பாள். நான் மழையைப் பார்ப்பதில்லை. இடி வருமோ என்று காத்திருப்பேன். வராது என்று தெரிந்ததும் எழுந்து அடுப்படிக்குப் போவேன்.

காரணம் சொன்னால்தான் மற்றதெல்லாம் விளங்கும். புதூர்ப் பக்கம் எங்கள் ஊர். என் தங்கை பேச்சிக்கு ஒரு மகன், ஒரு மகள். மகள் பெயர் செண்பகம். அவளும் என் செல்வியும் ஒரே வயசு. பாதி நாள் ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஓர் ஐப்பசி மாதம், மத்தியானமே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. காட்டில் நின்ற ஆடுகளைப் பத்திக்கொண்டு வர செண்பகம் ஓடினாள். எங்கள் கரிசல் காட்டில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. பருத்திச் செடி இடுப்பு உயரம்தான். அந்த வெளியில் உயரமாக நின்றது அவள் ஒருத்திதான். இடி அவள் மேல் விழுந்தது.

தேடிப் போய்க் கண்டது பேச்சிதான். அவள் போட்ட சத்தம் ஊருக்குள் கேட்டது. வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். மகளோடு இவளும் போய்விடுவாள் என்று ஆண்கள் பயந்துபோனார்கள். யாரோ மோட்டார் சைக்கிளில் போய் கோவில்பட்டியிலிருந்து ஒரு டாக்டரைக் கூட்டி வந்தார்கள். அவர் ஓர் ஊசி போட்டார். பிள்ளையை அடக்கத்துக்குத் தூக்கும்போது பேச்சி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள்.

விழித்தால் மறுபடியும் கத்துவாளே என்று மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். "மனசு ஆறுத வரைக்கும் குடுங்க" என்றார். அவர் சொன்னது நல்லதுக்குத்தான். ஆனால் ஆறிவிட்டதா என்று யார் பார்ப்பது? டாக்டர் திரும்பி வரவில்லை. நாங்களும் போகவில்லை. மருந்துக்கடையில் காலி அட்டையைக் காட்டினால் அதே மாதிரி புது அட்டை கொடுப்பார்கள். ரேஷனில் சீனி வாங்குவது போல அது ஒரு வழக்கமாகிவிட்டது. கோவில்பட்டிக்கு யார் போனாலும் கையில் பேச்சியின் அட்டை ஒன்று இருக்கும். எங்கள் தெருவில் அதற்குப் பெயர் நரம்பு மாத்திரை. தூக்கம் வராத பெண்கள் அவளிடம் ஒன்று, அரை என்று கைமாற்று வாங்கியதும் உண்டு.

அதற்குப் பிறகு அவள் அழவே இல்லை. எல்லோரும் மெச்சினார்கள். "பேச்சி மாதிரி தெம்பு யாருக்கு வரும்?" என்றார்கள். ஆடு பார்த்தாள், சோறு பொங்கினாள், தீப்பெட்டி ஆபீஸுக்குக் குச்சிக் கட்டை அடுக்கப் போனாள். ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கிணற்றுக்குள்ளிருந்து ஏறி வருகிற மாதிரி கொஞ்சம் பொறுத்துத்தான் திரும்பிப் பார்ப்பாள். அவள் மகன் முருகன் கல்யாணத்தில் எல்லோரும் அட்சதை போட்டோம். பேச்சி கையை மூடியபடியே நின்றாள். சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்தபோதும் அந்த அரிசி அவள் கைக்குள்ளேயே இருந்தது.

2

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு செல்வி என்னை இங்கிலாந்துக்குக் கூட்டி வந்துவிட்டாள். அவள் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். மருமகன் பஸ் ஓட்டுகிறார். பேத்திக்குத் தமிழ் விளங்கும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். நான் ஐந்தாவது வரை படித்தவள். இங்கே எந்த அலுவலக ஜன்னலுக்கு முன்னால் போய் நின்றாலும் முதல் கேள்வி பிறந்த தேதி. என் அம்மாவுக்கே தெரியாத தேதி அது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் தன் இஷ்டத்துக்கு எழுதினதைத்தான் பாஸ்போர்ட்டில் போட்டிருக்கிறது. அதை மட்டும் இங்கிலீஷில் மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறேன். ஒருமுறை ஆஸ்பத்திரியில் உங்களுக்கு என்ன செய்கிறது என்று கேட்டதற்கும் அந்தத் தேதியையே சொல்லிவிட்டேன். அந்த நர்ஸ் சிரிக்காமல் எழுதிக்கொண்டாள். அதிலிருந்து யாராவது துணைக்கு வராமல் நான் எங்கும் போவதில்லை.

ஒரு சாயங்காலம் செல்வி வேலை முடிந்து வந்து காலை நீட்டி டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நான் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தேன். டிவியில் என் வயசுள்ள ஒரு வெள்ளைக்காரம்மா, மடியில் பூனையோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு எனக்குப் புரியவில்லை. கண்ணைப் பார்த்தேன். என் கை அப்படியே நின்றுவிட்டது. அது பேச்சியின் கண்.

"என்னட்டி சொல்லுதா அவ?"

"மாத்திரையம்மா. படபடப்புக்கும் தூக்கத்துக்கும் குடுக்கிறது. வருஷக்கணக்கா சாப்பிட்டிருக்கா. இப்ப விட முடியலையாம்."

"களவா வாங்கினதா?"

"இல்லம்மா, டாக்டர் எழுதிக் குடுத்ததுதான். அதைத்தான் பெரிய விஷயமாப் பேசுதாவ."

அடுத்து இன்னொருத்தி வந்தாள். புருஷன் செத்தபோது கொடுத்தார்களாம். பிள்ளைகள் வளர்ந்ததெல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடந்தது போல இருக்கிறது என்றாளாம். திடீரென்று நிறுத்தினதும் கை நடுங்கியது, கண் மூட முடியவில்லை, சுவரில் எறும்பு ஊர்ந்தது, ஒருநாள் வலிப்பே வந்துவிட்டது என்றாளாம். கடைசியில் ஒரு டாக்டர் வந்து, யாரும் தானாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், டாக்டரை வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும் என்று சொன்னாராம். கீழே ஒரு போன் நம்பர் ஓடியது.

எனக்கு அதிசயமாக இருந்தது எது என்றால், அந்தப் பெண்கள் முகத்தை மறைக்கவில்லை. பெயரைப் போட்டிருந்தார்கள். வெட்கப்பட வேண்டியது தாங்கள் இல்லை என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

"பேச்சி சாப்பிடுதது இதுதானா?" என்று கேட்டேன்.

செல்வி டிவி சத்தத்தைக் குறைத்தாள். "போன தடவை போனப்ப சித்தி அட்டையைப் பாத்தேன். பேரு வேற. ஆனா இந்த ஜாதிதான்" என்றாள். பிறகு, "அங்க உள்ளதை இங்க இருந்துக்கிட்டு நம்ம என்னம்மா பண்ண முடியும்?" என்று வேறு சேனலை மாற்றிவிட்டாள். இந்த ஊருக்கு வந்த பிறகு அவள் அடிக்கடி சொல்லுகிற வார்த்தை அது. செண்பகம் பெயரைச் சொன்னாலும் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாள்.

3

இதைத் தங்கையிடம் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கள் தெருவில் அப்போது போன் இருந்தது பலசரக்குக் கடையில் மட்டும்தான். கூப்பிட்டால் கடைக்கார அண்ணாச்சி ஆள் அனுப்பிக் கூட்டி வருவார். நாம் பேசுவதைக் கடையில் நிற்கிற எல்லோரும் கேட்பார்கள். எனக்கு நாலு பேர் முன்னால் சத்தமாகப் பேசி வழக்கமில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒருவழியாகக் கூப்பிட்டேன்.

அண்ணாச்சிதான் எடுத்தார். "நல்லவேளை கூப்பிட்டிய. உங்க தங்கச்சிக்குச் சொகமில்ல. செண்பகம் வந்து பிடிச்சிருக்கா" என்றார், காய்ச்சல் வந்திருக்கிறது என்று சொல்வது போல. ஆள் போய்ச் சொல்லி முருகன் ஓடி வந்து போனை வாங்கினான்.

"பெரியம்மா, அம்மா கண்ணே மூட மாட்டேங்காவ. கை கால் வெடவெடன்னு நடுங்குது. தரையில எறும்பு போகுது எறும்பு போகுதுன்னு தொடைச்சிக்கிட்டே இருக்காவ. மேகம் கூடுது, ஆட்டைப் பத்து ஆட்டைப் பத்துங்காவ. பேயோட்டுத கோடாங்கி வந்து உடுக்கை அடிச்சு நீ யாருன்னு கேட்டாரு. செண்பகம்னு சொல்லிட்டாவ."

"மாத்திரை போட்டாளாலே?"

"அதுதான் கிடைக்கல பெரியம்மா. பேப்பர்ல கொட்ட எழுத்துல வந்திருக்கு, போதை மாத்திரைன்னு. மருந்துக்கடையெல்லாம் சோதனை போடுதாவளாம். ஒரு பொம்பளை படத்தைப் போட்டு கண்ணை மட்டும் கறுப்பா மறைச்சிருந்தான். காலி அட்டையைக் கொண்டு போனா, டாக்டர் சீட்டு இல்லாம தர மாட்டேன்னு கடைக்காரர் விரட்டுதாரு. எல்லாரும் ஒரு மாதிரியாப் பாக்காவ. எங்கம்மா என்ன கஞ்சாக்காரியா? சரி, சனியன் விட்டதுன்னு நானும் விட்டுட்டேன்."

வருகிற வெள்ளிக்கிழமை ஓடைக்கரைக்குக் கொண்டுபோய், முடியில் ஒரு கொத்து எடுத்துப் புளியமரத்தில் ஆணி அடித்தால் பிள்ளை இறங்கிவிடுவாள் என்று கோடாங்கி சொல்லியிருக்கிறார். அதுவரைக்கும் பச்சைத்தண்ணி தவிர ஒன்றும் கொடுக்கக் கூடாதாம்.

எனக்கு எங்கிருந்து சத்தம் வந்தது என்று தெரியவில்லை. "ஏலே முருகா, நல்லாக் கேளு. இங்க டிவியில வெள்ளைக்காரிகளைக் காட்டினாவ. அவளுகளும் இந்த மாத்திரையை நிப்பாட்டினதுக்குத்தான் கை நடுங்குதுங்கா, எறும்பு ஊருதுங்கா, தூக்கமில்லைங்கா. அவளுகளையும் நம்ம செண்பகமாலே வந்து பிடிச்சா? அந்தப் பிள்ளை புதூர் தாண்டிப் போனதில்லையேலே!"

முருகன் அதை அப்படியே கடையில் நின்றவர்களுக்குச் சொன்னான். யாரோ ஒரு கிழவர், "லண்டன்ல வேற பேயி இருக்கும்வே" என்றார். இன்னொருவர், "பேயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா ஊசியை யாருக்குப் போடுவாவ?" என்றார். சிரிப்புச் சத்தம் கேட்டது. முருகன் சிரிக்கவில்லை. "பெரியம்மா, பேய்னா ஊரு எரக்கப்படும். போதைன்னா காறித் துப்பும்" என்று மெதுவாகச் சொன்னான்.

அப்போது செல்வி பக்கத்தில் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. ரிசீவரை என் கையிலிருந்து வாங்கினாள். வழக்கமாக ஊரோடு பேசும்போது அவள் தமிழ் பாதிக்குப் பாதி இங்கிலீஷாக வரும். அன்றைக்கு வந்தது பழைய பேச்சு.

"ஏலே, செல்வி பேசுதேன். இதைத் திடீர்னு நிப்பாட்டினா வலிப்பு வந்து உசுரு போனாலும் போயிரும். நான் வேலை பாக்க இடத்துல இதுக்குன்னே பயந்து பயந்து குறைப்பாவ. வெள்ளிக்கிழமை வரைக்கும் வச்சிராத. இப்பமே வண்டி பிடிச்சுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. காலி அட்டையை மடியில வச்சுக்கிட்டுப் போ, டாக்டர்ட்ட காட்டு. அது என்ன மாத்திரை, எத்தனை வருஷமாச் சாப்பிட்டாவன்னு மறைக்காமச் சொல்லு. வெக்கப்படாத."

"அக்கா, ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு அன்னைக்கும்தான் சொல்லிச்சு, சித்தி தெம்பா இருக்கான்னு. கேட்டுக்கிட்டுத்தான இருந்தோம்? போலே!"

போன் கார்டில் காசு தீர்ந்து, அதைச் சொல்லுகிற இங்கிலீஷ்க்காரி குரல் வந்து பேச்சு நின்றது.

4

நான் புறப்பட்டுப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். என் பாஸ்போர்ட் இங்கே தங்குவதற்கான முத்திரை வாங்க ஓர் அலுவலகத்துக்குப் போய் மாதக்கணக்காகியிருந்தது. போன் பண்ணினால் பாட்டு ஓடும். அது முடிந்தால் பிறந்த தேதி கேட்பார்கள். பரிசீலனையில் இருக்கிறது என்பார்கள். தங்கை சாகக் கிடக்கிறாள் என்று செல்வி சொன்னதற்கு, சாவுச் சான்றிதழ் இருந்தால் சீக்கிரம் பார்ப்போம் என்று பதில் வந்தது. செல்வி போனை ஓங்கி வைத்தாள்.

மறுநாள் முருகன் குரல் கம்மிப் போயிருந்தது. "ஆஸ்பத்திரி வாசல்ல ஆட்டோவை விட்டு இறக்கும்போதே வலிப்பு வந்துருச்சு பெரியம்மா. உடனே உள்ள தூக்கிட்டாவ. இப்ப பரவால்ல. ஓடைக்கரையில வச்சு வந்திருந்தா..." என்றான்.

அங்கே பார்த்த டாக்டரம்மா நல்ல மனுஷி. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பேயும் இல்ல தம்பி, உங்கம்மா பண்ணின தப்பும் இல்ல. குடுக்கும்போது எப்ப நிறுத்தணும்னு யாரும் சொல்லல, அவ்வளவுதான்" என்றாராம். மறுபடியும் மாத்திரையைக் கொடுத்து நடுக்கத்தை அடக்கி, அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வழி சொல்லியிருக்கிறார். எத்தனை மாதமானாலும் அவசரப்படக் கூடாது என்றாராம்.

அந்தப் பேப்பர்க்காரரை நான் குறை சொல்லவில்லை. கண்ட கண்ட கடையில் சீட்டில்லாமல் கிடைக்கிறது என்று எழுதினது சரிதான். ஆனால் அதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவளுக்கு நாளைக்கு என்ன ஆகும், அவள் எங்கே போக வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். கண்ணை மறைத்த அந்தப் பெண் யாரோ, அவள் வீட்டில் என்ன நடந்ததோ என்று எனக்கு இன்னமும் நினைப்பு வருகிறது. இதைப் படிக்கிற உங்கள் வீட்டு அலமாரியிலும் அப்படி ஓர் அட்டை இருக்கலாம். பயந்துபோய் அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். எடுத்துக்கொண்டு ஒரு டாக்டரிடம் போங்கள். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். மற்றது தானாக வருகிறது.

5

முருகன் பெண்டாட்டி ஜோதிதான் பிளேடால் மாத்திரையை நறுக்கிக் கொடுப்பாள். பாதி, பிறகு கால், காலிலும் கொஞ்சம் குறைவு. சில வாரம் பேச்சி மோசமாகிவிடுவாள். அப்போது குறைப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். இப்படியே ஒரு மழைக்காலம் போய் அடுத்த பருத்தி வெடித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முருகன் துள்ளிக் குதிக்கிற குரலில், "பெரியம்மா, நேத்து அம்மா என்னைத் திட்டினாவ!" என்றான். "சாம்பார்ல உப்பு கூடிப் போச்சு, இதை எப்படிலே தின்னுதியன்னு ஜோதியையும் சேத்துத் திட்டினாவ. ஜோதி ஒரே அழுகை. எனக்குச் சிரிப்பு. வீட்டுல ஒரு மாமியார் வந்துட்டா போங்க!"

அதற்கப்புறம் பேச்சி ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள். முருகனின் கல்யாண போட்டோவைப் பார்த்து, "இதுல நான் எங்க நின்னேன்?" என்றாள். எதிர்வீட்டுப் பெரியவர் எங்கே என்றாள். அவர் இறந்து ரொம்ப வருஷமாகியிருந்தது. அவர் இறந்த அன்றைக்கு அந்த வீட்டுக்குச் சோறு கொடுத்துவிட்டதே அவள்தான். நினைவில்லை. கோடாங்கி தேடினது தப்பான பேயை. அத்தனை வருஷமும் எங்கள் வீட்டில் பேச்சியின் சேலையைக் கட்டிக்கொண்டு நடமாடியது யார் என்று நான் யோசித்திருக்கிறேன்.

மாத்திரை முழுக்க நின்ற பிறகு ஒருநாள், ஆள் அனுப்பாமலே அவளாகக் கடைக்கு வந்து நான் கூப்பிடுகிற நேரத்துக்குக் காத்திருந்தாள்.

"எக்கா."

"சொல்லுட்டி."

"செண்பகத்தைக் குளிப்பாட்டினது யாரு?"

"நான்தான்" என்றேன்.

"சூடு தண்ணியா, பச்சத் தண்ணியா?"

"வெதுவெதுன்னு விளாவித்தான் ஊத்தினேன்."

"என்ன உடுத்திவிட்ட?"

"பொங்கலுக்கு எடுத்த மஞ்சப் பாவாடை. மேல தாவணி சுத்தினேன்."

"தலை?"

"ரெட்டைச் சடை. ஒரு பக்கம் முடி கருகியிருந்துச்சு. அதை உள்ள வச்சு வெளிய தெரியாமப் பின்னினேன். பிச்சிப்பூ வச்சேன்."

"என்னை ஏன்க்கா எழுப்பல?" என்றாள்.

"எழுப்பினோம்ட்டி. நீ எந்திரிக்கல."

அப்போதுதான் அது வந்தது. அன்றைக்குக் காட்டில் கேட்ட அதே சத்தம். அது பாதியில் நின்ற இடத்திலிருந்து அப்படியே தொடர்ந்தது. ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. கடையில் ஒரே கூச்சல். அண்ணாச்சி பதறிப்போய், "ஏலே, ஓடிப்போய் மருந்துக்கடையில மாத்திரை ஏதும் இருக்கான்னு பாரு" என்று யாரையோ விரட்டினார்.

"அண்ணாச்சி!" என்று நான் கத்தினேன். என் ஆயுசில் ஓர் ஆண்பிள்ளையை நோக்கி அப்படிக் கத்தினதில்லை. "ஒண்ணும் குடுக்காதிய! அழட்டும்! பொம்பளைகளைக் கூப்பிடுங்க!"

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. சத்தம் கேட்டு அவர்களே வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் பக்கம் சாவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போனால், பறிகொடுத்தவளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தலையோடு தலை சேர்த்து அழ வேண்டும். முதலில் ஒரு குரல் பேச்சியின் குரலோடு சேர்ந்தது. பிறகு இன்னொன்று. பிறகு யார் குரல் எது என்று பிரிக்க முடியவில்லை. கடை வாசலிலேயே வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள் போல. ரிசீவர் எங்கோ தொங்கிக்கொண்டிருந்திருக்க வேண்டும். அந்தச் சத்தம் தூரமாகவும் பக்கமாகவும் வந்தது. எனக்குக் கட்டிக்கொள்ள ஆள் இல்லை. சமையலறைத் தரையில் உட்கார்ந்து தனியாக அழுதேன்.

செல்வி வேலையிலிருந்து வந்தாள். கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும் கையில் சாவியோடு அப்படியே நின்றாள். ரிசீவரிலிருந்து வந்த அழுகைச் சத்தம் அவளுக்கும் கேட்டது.

"யாரும்மா? யாரு செத்தா?"

"செண்பகம்" என்றேன்.

வழக்கம் போல அடுத்த அறைக்குப் போவாள் என்று நினைத்தேன். சாவி கீழே விழுந்தது. முதியோர் இல்லத்து உடுப்போடு, காலில் ஈரச் செருப்போடு வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். எங்கள் ஊர்ப் பெண்கள் செய்கிறது போலவே இரண்டு கையாலும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தலையை என் தலையோடு சேர்த்தாள்.